கூடப் போக ஓர் ஆள்

மலைநாட்டு வாசகர்களின் உடல்நலக் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் சொல்பவர், கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் 32 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி 2019இல் ஓய்வு பெற்றவர். இப்போது கோத்தகிரியில் வசிக்கிறார்.

கேள்வி: எங்கள் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பு லைனில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சுய உதவிக் குழு நடத்துகிறோம். சேமிப்பிலிருந்து எட்டாயிரம் ரூபாயை ஊர் மக்களின் உடல்நலத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். மருத்துவ முகாம் நடத்தலாம் என்கிறார்கள் சிலர். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கலாம் என்கிறார்கள் சிலர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் நர்சம்மா?
— குழுத் தலைவி, சேரம்பாடி பக்கம்

பதில்: முகாம் இப்போதைக்கு வேண்டாம் அம்மா. பணியில் இருந்தபோது எத்தனையோ முகாம்களுக்கு நானே மேசை போட்டிருக்கிறேன். பந்தல் இருக்கும், ஒலிபெருக்கி இருக்கும், கூட்டமும் வரும். ரத்த அழுத்தம் அதிகம் என்று சீட்டில் எழுதி, பத்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்புவோம். பதினோராம் நாள் அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க அங்கே யாரும் இருப்பதில்லை. முகாமில் கொடுத்த மாத்திரை தீர்ந்ததும் நோயும் தீர்ந்தது என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவர், தேயிலைக் காட்டிலேயே ஒரு பக்கம் கைகால் விளங்காமல் சரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு முகாம் என்றாலே எனக்கு மனம் ஒப்புவதில்லை.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். லைனை ஆளுக்கு இத்தனை வீடு என்று பன்னிரண்டு பேரும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பேசுங்கள். வாசலில் நின்றபடி கேட்டால் 'எல்லாரும் சௌக்கியம்' என்ற பதில்தான் வரும். யார் கர்ப்பமாக இருக்கிறார், யார் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டியவர், யாருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், யார் தனியாக இருக்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுதியது நோட்டோடு இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயடியில் பேச்சாகிவிட்டால் அடுத்த முறை ஒரு வீட்டுக் கதவும் திறக்காது.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் பெண் தன்னார்வலர் உங்களைப் போலவே சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர்தான். அவருடைய பட்டியலையும் உங்கள் நோட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவர் வரும் வேளையில் கொழுந்து பறிக்கப் போய்விட்டதால் விடுபட்டவர்கள் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டாலே வயிற்றுக்குள் போய்விடும் என்றும் எண்ண வேண்டாம். ஒரு பெரியம்மாவின் வீட்டில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஆறு அட்டைகள், ஒன்றில்கூட மாத்திரை பிரிக்கப்படவில்லை. எது காலைக்கு, எது மாலைக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூச்சம். பக்கத்து வீட்டுப் பெண்தான் வழி கண்டுபிடித்தாள். ஓர் அட்டையில் சிவப்பு நூல் கட்டினாள்: காலைச் சாப்பாடு முடிந்து, தொழிற்சாலைச் சங்கு ஊதும்போது இது. இன்னொன்றில் வெள்ளை நூல்: கொழுந்து எடை போட்டு வீடு திரும்பி, இரவுச் சோறு சாப்பிட்டதும் இது. சங்கும் எடையும் அந்தப் பெரியம்மாவுக்கு நாற்பது வருடப் பழக்கம். அதன் பிறகு ஒரு வேளைகூட அவர் தவறவிட்டதில்லை. செவிலியர் பயிற்சியில் எனக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் ஒரு லைனில் இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குச் சளிப் பரிசோதனைக்கு மூன்று முறை சீட்டு எழுதிக் கொடுத்தேன். மருத்துவமனை மூன்று கிலோமீட்டர் தூரம். அவர் போகவே இல்லை. நான்காம் முறை நான் போனபோது மூன்று சீட்டுகளையும் அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார். நான்காக மடித்து, கசங்காமல் வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. "ஏன் போகவில்லை?" என்று குரலை உயர்த்திக் கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "அங்கே எந்த வரிசையில் நிற்பது என்று எனக்குத் தெரியாது. யார் கூட வருவார்கள்?" அடுத்த நாள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவரோடு போனார். காசநோய்தான். ஆறு மாத மருந்தில் குணமானார். அந்த மூன்று சீட்டுகளையும் எழுதியது நான். அவரைக் காப்பாற்றியது அந்த அக்கா.

ஆகவே அந்த எட்டாயிரத்தைக் கூடப் போகிறவருக்காக வையுங்கள். நோயாளியோடு மருத்துவமனைக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைய கூலி, பஸ் டிக்கெட், மதியச் சாப்பாடு. இரவில் அவசரம் என்றால் 108 நிற்கும் இடம் வரை கொண்டுசேர்க்க ஜீப் வாடகை. ஜீப் வைத்திருப்பவரிடம் இப்போதே பேசி விலையை முடிவு செய்யுங்கள். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று விசாரிக்க ஒரு தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். பணப்பெட்டி இருக்கும் வீட்டுக்காரர் நடுராத்திரியில் கதவைத் தட்டினால் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பவராக இருக்க வேண்டும். கணக்கை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

கருவி வாங்கினால் தவறில்லை. வாங்கியதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

கேள்வி: நான் பணியர் என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்தவன். வயது 24. ரத்தப் பரிசோதனையில் நான் சிக்கிள் செல் கடத்தி என்று சொல்லி அட்டை கொடுத்திருக்கிறார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கல்யாணம் பேசியிருக்கிறார்கள். இதைச் சொன்னால் பெண் வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று அம்மா அழுகிறார். சொல்ல வேண்டுமா?
— வாசகர், கூடலூர்

பதில்: சொல்லத்தான் வேண்டும் தம்பி. அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் பயப்படும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்பதை முதலில் அவருக்கு விளக்கிவிடலாம்.

நல்ல சிவப்பணு, விரலால் நடுவில் அழுத்திய மாவுருண்டை போல இருக்கும். எவ்வளவு சிறிய ரத்தக்குழாயிலும் வளைந்து நுழைந்து போய்விடும். சிக்கிள் செல் நோய் உள்ளவர்களுக்கு, உடலில் பிராணவாயு குறையும்போது அந்த அணு அரிவாள் போல வளைந்து விறைத்துவிடுகிறது. அப்போது குழாய்களில் அடைத்துக்கொள்ளும். வலி உயிரை எடுக்கும். 120 நாள் வாழ வேண்டிய அணு இரண்டு மூன்று வாரத்துக்குள் சிதைந்துபோவதால் ரத்தசோகையும் வரும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் குறையுள்ள மரபணு வந்தால்தான் இது நோயாகும். உங்களுக்கு ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருக்கிறது. அப்படிப்பட்டவரைத்தான் கடத்தி என்பார்கள். நீங்கள் நோயாளி இல்லை. மரம் ஏறலாம், மண் வெட்டலாம், எல்லாரையும் போல வாழலாம்.

உங்களுக்குப் பேசியிருக்கும் பெண்ணையும் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். அவருக்கு எந்தக் குறையும் இல்லையென்றால் உங்கள் குழந்தைகள் யாருக்கும் இந்த நோய் வராது. சிலர் உங்களைப் போலக் கடத்தியாக இருக்கலாம், அவ்வளவுதான். அவரும் கடத்தி என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வருவதற்கு, இரண்டு பங்கு கடத்தியாக இருப்பதற்கு, ஒரு பங்கு எதுவும் இல்லாமல் பிறப்பதற்கு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகத்தான் குலுக்குகிறார்கள். அப்படி இருவரும் கடத்திகள் என்று தெரிந்தாலும் கல்யாணத்தை நிறுத்துவதா வேண்டாமா என்பது நீங்கள் இருவரும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஊர் எடுக்க வேண்டியதல்ல. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே சிசுவுக்குப் பரிசோதனை செய்யவும், பிறந்ததும் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கவும் இன்று வழி இருக்கிறது. முதலில் செய்யும் விரைவுப் பரிசோதனையோடு நிற்காமல், உறுதிசெய்யும் பரிசோதனையும் இருவருக்கும் நடக்கட்டும். தலசீமியா போன்ற வேறு ரத்தக் குறைபாடு இருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

இந்தியாவில் இந்த அணுவை முதன்முதலாகக் கண்டதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இல் வெளியிட்டார்கள். ஆனால் 1987இல் நான் பணியில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேவாலா பக்கம் ஆனி, ஆடி மழையில் ஒரு பாடிக்கு, அதாவது பழங்குடிக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டு அழுதான். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறான் என்றார் அப்பா. நானும் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. வலி மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். குளிரும் ஈரமும் பட்டால் இந்த நோயில் வலி கிளம்பும் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது அந்தப் பையனின் முகம்தான் கண்ணில் நின்றது. இன்றும் நிற்கிறது.

இங்கே நிலைமையை மாற்றியதில் பெரும் பங்கு பாடிகளிலிருந்து வந்த பிள்ளைகளுடையது. எண்பதுகளின் பிற்பகுதியில் கூடலூரில் ஆதிவாசி மக்கள் சங்கமாகத் திரண்டபோது, ஊருக்கு ஊர் தங்கள் பிள்ளைகளையே சுகாதாரப் பணியாளராகத் தேர்ந்து பயிற்சிக்கு அனுப்பினார்கள். 1990இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியது. அங்கே செவிலியர்களும் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பெண்கள். 1992இலேயே தங்களுக்கென்று மருத்துவக் காப்பீடு ஏற்படுத்தினார்கள். நான் அரசுப் பணியில் இருந்தவள். வெளியே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவள். நான் தமிழில் அரை மணி நேரம் விளக்கியும் தலையை மட்டும் ஆட்டிய ஓர் அம்மாவிடம், அந்தப் பெண்களில் ஒருத்தி பணிய மொழியில் இரண்டு நிமிடம் பேசினாள். அந்த அம்மா கேள்வி கேட்கத் தொடங்கினார்! ஒன்றல்ல, ஐந்தாறு கேள்விகள்.

இப்போது நாடு முழுவதும் 2023 ஜூலை 1 முதல் சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் நடக்கிறது. 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதித்து, 2047க்குள் இந்த நோயை ஒழிப்பது இலக்கு. அட்டை கொடுப்பது நல்ல வேலை. அட்டையில் இருப்பதை அவரவர் மொழியில், அவரவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுதான் அதைவிடப் பெரிய வேலை. அது நடக்காத இடத்தில்தான் உங்கள் அம்மா அழுதுகொண்டிருக்கிறார்.

பெண் வீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். உங்கள் பாடிக்கு வரும் சுகாதாரப் பணியாளரையோ, இந்த நோயுள்ள பிள்ளையை நன்றாக வளர்த்துவரும் ஒரு தாயையோ அழைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் பேசட்டும். நோய் உள்ளவர்கள் நிறையத் தண்ணீர் குடித்து, குளிரில் நனையாமல், போலிக் அமிலமும் மருத்துவர் சொன்னால் ஹைட்ராக்சியூரியாவும் தவறாமல் சாப்பிட்டு, காய்ச்சல் வந்த அன்றே மருத்துவமனைக்குப் போனால் எவ்வளவு நன்றாக இருக்க முடியும் என்பதை அந்தத் தாய் சொல்லும்போது பெண் வீட்டாருக்குப் பயம் பாதியாகக் குறையும்.

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். என் பாட்டி எங்கள் ஊரில் எத்தனையோ பிரசவங்கள் பார்த்தவர். இப்போது எல்லாரும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். 'இனி நான் எதற்கு' என்று பாட்டி யாரோடும் பேசுவதில்லை. என்ன செய்வது?
— இருளர் கிராமம், கோத்தகிரி அருகே

பதில்: பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும் கண்ணம்மா, அதில் மாற்றுக் கருத்தில்லை. குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். நம் மலைச் சாலையில் அந்த நேரத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது? மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை இருக்கிறது. உங்கள் செவிலியரிடம் கேட்டு, தேதிக்குச் சில நாள் முன்பே போய்த் தங்கிவிடுங்கள்.

பாட்டியையும் அழைத்துப் போங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் கூட இருக்க ஒரு பெண்ணை அனுமதிக்கும் நடைமுறை உண்டு. அந்த இடம் பாட்டியுடையது.

துணைச் சுகாதார நிலையத்தில் நான் பார்த்த ஒரு பிரசவத்தில் அப்படி ஒரு பாட்டி இருந்தார். குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடியும் விழுந்து, நான் மேசையில் குனிந்து பதிவேட்டில் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். பாட்டி பேத்தியின் அடிவயிற்றில் கை வைத்தபடியே இருந்தவர், "நர்சம்மா, வயிறு இன்னும் கல்லாகவில்லை" என்றார். கர்ப்பப்பை இறுகாமல் தளர்ந்திருந்தால் உள்ளே ரத்தம் போகிறது என்று பொருள். பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். வயிற்றை நீவிவிட்டு, ஊசி போட்டு, வண்டி வரவழைத்து அனுப்பினோம். தாய் பிழைத்தாள். பாட்டியின் கை என் பதிவேட்டை முந்திக்கொண்டது. உங்கள் பாட்டியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். 'நீ வந்தால்தான் நான் போவேன்' என்று சொல்லுங்கள்.

கேள்வி: சம்பள நாளன்று எங்கள் ஊர் ஆண்கள் பாதிப் பணத்தைக் குடித்துத் தீர்க்கிறார்கள். மதுக்கடையை மூடச் சொல்லிப் பெண்கள் எல்லாரும் மறியல் செய்யலாம் என்று இருக்கிறோம். குடிக்கிறவர்களை வீட்டில் அடைத்து வைக்கவும் முடிவு செய்திருக்கிறோம். உங்கள் ஆலோசனை தேவை.
— மகளிர் குழுவினர், குந்தா பக்கம்

பதில்: கடையை எதிர்த்துக் குரல் கொடுங்கள். உங்கள் ஊர் ஊராட்சிக்கு உட்பட்டதென்றால் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடும். கைதூக்கியதோடு வந்துவிடாமல், தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆனால் அடைத்து வைக்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால் சாவும் நேரும். அண்ணன் தம்பிகள் சேர்ந்து அறையில் பூட்டி வைத்த ஒருவரை, மூன்றாம் நாள் வாயில் நுரையோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். அவர் பிழைத்தது பெரும் பேறு. குடியை நிறுத்த விரும்புகிறவரை முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அங்கே மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்துவார்கள். 14446 என்பது போதை மீட்புக்கான இலவச உதவி எண். மனநல ஆலோசனைக்கு 14416.

மருத்துவமனையிலிருந்து திரும்பி வரும் நாள்தான் கடினம். நான் வேலை பார்த்த ஓர் எஸ்டேட்டில் குடியை விட்ட இரண்டு ஆண்கள் ஒரு காரியம் செய்தார்கள். சம்பள நாள் மாலையில் அலுவலக வாசலிலேயே காத்திருப்பார்கள். புதிதாக விட்டவரை நடுவில் விட்டு, ஆளுக்கொரு பக்கமாக நடப்பார்கள். கடை இருக்கும் சாலையை விட்டு, கோயில் மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும் வழி; இருபது நிமிடம் கூடுதல். வழியில் உபதேசம் எதுவும் கிடையாது. பந்து விளையாட்டு, மழை, கொழுந்து விலை என்று எதையாவது பேசிக்கொண்டே போவார்கள். வீட்டு வாசலில் பணத்தை மனைவி கையில் கொடுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். உங்கள் ஊரிலும் குடியை விட்ட ஆண்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். மறியலுக்கு முன் அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்கு மலை ஊற்றுத் தண்ணீர்தான். ஐப்பசி மழை வந்தால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. இளைஞர்கள் நாங்களே செய்யக்கூடியது என்ன?
— வாசகர், தாண்டிக்குடி பக்கம், பழனி மலை

பதில்: மழை பெய்யும்போது ஊற்றுக்கு மேலே ஏறி நடந்து பாருங்கள். மழைத்தண்ணீர் எதையெல்லாம் அடித்துக்கொண்டு இறங்குகிறது என்று கண்ணால் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மாடு கட்டுமிடம், கழிப்பறைக் குழி, காப்பிப் பழம் அரைத்த கழிவுநீர். ஊற்றைச் சுற்றிக் கல் கட்டி மூடி, குழாய் வழியாக மட்டும் தண்ணீர் வரச் செய்யுங்கள். மேற்புறத்தில் பிறை வடிவில் ஒரு வாய்க்கால் வெட்டினால் வழிந்துவரும் அழுக்குத் தண்ணீர் ஒதுங்கிப் போகும். கழிப்பறைக் குழி ஊற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளியும் கீழேயும் இருக்க வேண்டும்.

தொட்டியில் குளோரின் கலப்பவரோடு சேர்ந்து, கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனைப் பெட்டியை ஊராட்சியிடம் கேட்டு வாங்குங்கள். முதல் வீட்டில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற பிழை.

குழந்தைக்குப் போக்கு தொடங்கியதும் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் கிடைக்கும். மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியும் வரை கொடுக்க வேண்டும். கண் குழிந்து, குழந்தை சோர்ந்து, குடிக்க மறுத்தால் உடனே கிளம்புங்கள். கொடைக்கானல், உதகை உயரத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி வந்ததும் இறக்காமல், மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள்.

கேள்வி: சமவெளியிலிருந்து மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவராக வந்திருக்கிறேன். காலை முழுவதும் காத்திருந்தும் மிகச் சிலரே வருகிறார்கள். நான் என்ன தவறு செய்கிறேன்?
— இளம் மருத்துவர், நீலகிரி

பதில்: தவறு ஒன்றும் இல்லை டாக்டர் தம்பி. காலையில் உங்கள் மக்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாது. சந்தை நாளில் எப்படியும் கீழே இறங்குவார்கள். அன்று பிற்பகலில் இருப்பேன் என்று சொல்லிப் பாருங்கள். வந்தவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். அடுத்த முறை வரும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கூட வந்தவரிடமும் பேசுங்கள். நீங்கள் சொன்னதில் பாதியை வீட்டில் நினைவுபடுத்தப் போகிறவர் அவர்தான்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் தெருவில் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட, முதியவர்கள் மட்டும் தனித்தனியாக இருக்கிறோம். பனிக்காலத்தில் யாருக்கு என்ன ஆனதென்றே தெரிவதில்லை. என்ன ஏற்பாடு செய்துகொள்ளலாம்?
— வாசகர், குன்னூர்

பதில்: ஐயா, முதலில் ஓர் எச்சரிக்கை. குளிருக்குக் கரி நெருப்புச் சட்டியை அறைக்குள் வைத்து, கதவு சன்னலை அடைத்துக்கொண்டு தூங்குகிற பழக்கம் உங்கள் தெருவில் யாருக்காவது இருந்தால் இன்றே போய் நிறுத்துங்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். இந்த மலைகளில் பனிக்காலத்தில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

ஏற்பாடு என்று கேட்டீர்கள். என் கதையைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எனக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. மகன் வெளியூரில். ஊருக்கெல்லாம் சொன்ன நான், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தனியாகவே பஸ் ஏறிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. துணை இல்லாமல் செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அது அவர்கள் விதி, நியாயமான விதி. அந்த நீண்ட பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சீட்டை அரிசி டப்பாவில் வைத்திருந்த அந்தப் பெண்ணிடம் நான் குரலை உயர்த்தியது நினைவுக்கு வந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண், தன் மாமியாருக்காக வந்தவள், "நான் கையெழுத்துப் போடுகிறேன் அம்மா, சாயங்காலம் வரை இங்கேதான் இருப்பேன்" என்றாள். கட்டுப்போட்ட கண்ணோடு என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டவளும் அவள்தான். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

திரும்பி வந்த வாரமே பக்கத்தில் இருக்கும் மூன்று வீடுகளில் போய்ப் பேசினேன். காலையில் எழுந்ததும் வாசல் விளக்கை அணைத்துவிட வேண்டும். ஏழரை மணிக்கும் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தால் பார்த்தவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். யாருக்கு என்ன மாத்திரை, எந்த மருத்துவமனை, பிள்ளைகளின் எண் என்ன என்பது ஒரு தாளில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகும் நாளை முந்தின வாரமே சொல்லிவிட வேண்டும். யார் கூடப் போவது என்று மாலை டீயின்போது முடிவாகும். இதுவரை விளக்கு இரண்டு முறை எரிந்துகொண்டே இருந்தது. ஒரு முறை வெறும் மறதி. இன்னொரு முறை, குளியலறையில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார் எங்கள் எதிர்வீட்டு அக்கா. உள்ளே தாழ் போடாமல் பூட்டு மட்டும் போடுவது என்று முன்பே பேசி வைத்திருந்ததால் கதவை உடைக்க வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டுச் சாவி என் அடுக்களை ஆணியில் தொங்குகிறது. என் வீட்டுச் சாவி அவர் வீட்டில் இருக்கிறது.